பாடசாலைப் பிள்ளைக்கு உளநல உதவி எடுக்க என்ன தகுதி வேண்டும், எங்கே போக வேண்டும்?

மட்டக்களப்பு மாவட்டத்தில் மண்டூர்ப் பக்கத்துப் பாடசாலையொன்றில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் மூன்று பிள்ளைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். ஒருத்தி தரம் 10. தாய் குவைத்தில் வேலை, பிள்ளை அம்மம்மாவோடு இருக்கிறாள், இடது கையில் பிளேட்டால் கீறிய அடையாளங்கள். இன்னொருவன் தரம் 8. வாயால் கேட்டால் பதில் சொல்வான், எழுதச் சொன்னால் எழுதமாட்டான், தினமும் சண்டை, தினமும் அடி. மூன்றாவது உயர்தர மாணவி. காலைக் கூட்டத்தில் அடிக்கடி மயங்கி விழுகிறாள், வீட்டில் நூல் கட்டிப் பார்க்கிறார்கள். இவர்களை எங்கே அனுப்புவது, அந்தச் சேவைக்கு என்ன தகுதி வேண்டும், யார் கடிதம் தர வேண்டும், எவ்வளவு செலவாகும், பிள்ளையின் பெயர் கெட்டுப் போகாதா என்பவைதான் கேள்விகள். ஆலோசனை வழிகாட்டல் பொறுப்பை அதிபர் தன்னிடம் ஒப்படைத்துவிட்டார் என்றும், கிடைத்த பயிற்சி ஒரு சிறிய கருத்தரங்கு மட்டுந்தான் என்றும் எழுதியிருக்கிறார்.

ரீச்சர், நான் மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் நீண்ட காலம் உளவளத்துணை வேலை செய்த ஆள். வைத்தியர் இல்லை. நோய்க்குப் பெயர் சொல்வதும் மருந்து எழுதுவதும் என் வேலைக்குள் வராது. ஆகவே இந்த மூன்று பிள்ளைகளுக்கும் என்ன பிரச்சினை என்று இதில் நான் சொல்லப் போவதில்லை. உங்கள் கேள்விக்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன, முதலில் அவற்றைப் பிரித்து வைப்போம். சிகிச்சை எடுக்க யாருக்கு உரித்து என்பது ஒன்று. பரீட்சைச் சலுகை, உதவிப்பணம் போன்றவற்றுக்கு யார் தகுதி என்பது இன்னொன்று. முதலாவதுக்கு எந்தத் தகுதியும் தேவையில்லை. காகிதம் வேண்டியிருப்பது இரண்டாவதுக்குத்தான். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, “கடிதமெல்லாம் சரிவரட்டும், பிறகு கொண்டு போவோம்” என்று மாதக்கணக்காகக் காத்திருந்த குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பிள்ளையைக் காட்டக் காசு இல்லை. அரசின் நிவாரணக் கொடுப்பனவான அஸ்வெசும பட்டியலில் பெயர் இருக்க வேண்டியதில்லை. கிராம சேவையாளரின் உறுதிப்படுத்தல் தேவையில்லை. அதிபரின் அனுமதிக் கடிதமும் தேவையில்லை. காய்ச்சலுக்குப் போவதுபோல ஓபிடிக்கு, அதாவது வெளிநோயாளர் பிரிவுக்கு, போய்த் துண்டு எடுத்து, அங்குள்ள வைத்தியரிடம் “பிள்ளையை மனநலப் பிரிவில் காட்ட வேண்டும்” என்று சொன்னால் அவர் எழுதி அனுப்புவார். பல இடங்களில் நேரே மனநலப் பிரிவுக்குப் போனாலும் பார்ப்பார்கள், ஆனால் இது இடத்துக்கு இடம் மாறும். ஓபிடி வழி எல்லா இடத்துக்கும் பொருந்தும். கடிதம் இருந்தால் வேலை சுலபமாகும், இல்லையென்று திருப்பி அனுப்பமாட்டார்கள். கொழும்புப் பக்கத்து மனநல வைத்தியசாலையை நினைத்து, “அங்கொடைக்கு அனுப்பிப் போடுவாங்களோ” என்று இன்றைக்கும் பெற்றோர் கேட்கிறார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005இல் வந்த தேசிய மனநலக் கொள்கை சேவையை மாவட்டங்களுக்குப் பரப்பச் சொன்னது. இப்போது பாடசாலைப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவர்கள் கிளினிக்குக்கு வந்து பார்த்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போகிறவர்கள்தான். இதை அந்த அம்மம்மாவுக்கு முதலே சொல்லிவிடுங்கள்.

மண்டூரிலிருந்து என்றால் குருமண்வெளிப் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஏறி, அல்லது பட்டிருப்புப் பாலத்தால் வந்து, களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலைக்குப் போவதுதான் லேசு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் நிபுணர்கள் இருக்கிறார்கள், தேவைப்பட்டால் அங்கே மாற்றி அனுப்புவார்கள். ஆனால் பஸ் காசையும் ஒரு நாள் கூலியையும் இழந்து போகிற குடும்பத்துக்குப் பக்கத்து வைத்தியசாலையே நிலைக்கும். வடக்கே இருப்பவர்களுக்கு ஏறாவூர், வாழைச்சேனை. அம்பாறை மாவட்டத்துத் தமிழ் பேசும் பிள்ளைகளுக்குக் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் போவதையே நான் விரும்புவேன். அம்பாறை நகரில் பொது வைத்தியசாலை இருந்தாலும், மனதில் உள்ளதைப் பிள்ளை தன்னுடைய மொழியில் சொல்ல முடியாவிட்டால் பாதி வேலை நடக்காது. கிளினிக் நடக்கும் கிழமை வைத்தியசாலைக்கு வைத்தியசாலை வேறு, ஆள் மாறும்போது நாளும் மாறும். போகிற கிழமையிலேயே போன் எடுத்துக் கேளுங்கள், போன வருடம் யாரோ சொன்ன நாளை நம்பிப் போகாதீர்கள்.

அங்கே என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல பிள்ளைகள் நழுவிப் போவது அந்த வரிசையில்தான். விடியப் போனால் துண்டு வேளைக்குக் கிடைக்கும். வரிசையில் பக்கத்தில் ஊர்க்காரர் யாராவது நிற்பார். வைத்தியர் “என்ன பிரச்சினை?” என்று கேட்கும்போது, அந்த ஊர்க்காரர் கேட்டுவிடுவாரோ என்று அம்மம்மா “பிள்ளைக்குத் தலையிடி, சாப்பிடுறாள் இல்லை” என்று மட்டும் சொல்வார். வைத்தியர் பெனடோலும் விற்றமினும் எழுதுவார். வெளியே வந்து “காட்டிப் போட்டம், ஒண்டுமில்லையாம்” என்பார்கள். வைத்தியரில் பிழையில்லை, அம்மம்மாவிலும் பிழையில்லை. சொல்ல வேண்டியது சொல்லப்படவில்லை, அவ்வளவுதான். இதற்குத்தான் உங்கள் கடிதம். வரிசையில் வாய் திறக்கத் தேவையில்லாமல், மூடிய கடித உறையை நீட்டினால் போதும்.

அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்பதில் கொஞ்சம் நிற்கிறேன். ஆசிரியர்கள் பெரும்பாலும் “இம்மாணவி மன அழுத்தத்தினால் பாதிக்கப்பட்டுள்ளார், ஆவன செய்யவும்” என்று எழுதுகிறார்கள். வைத்தியருக்கு இதில் ஒன்றுமில்லை. மன அழுத்தமா இல்லையா என்று சொல்ல வேண்டியவர் அவர். வகுப்பறையில் அவர் காண முடியாததை நீங்கள் காண்கிறீர்கள், அதை எழுதுங்கள். “இரண்டாந் தவணை தொடங்கியதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. முன்பு கணிதத்தில் 70க்கு மேல் எடுத்தவர், கடைசித் தவணையில் 30. இடைவேளையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பதில்லை. சிநேகிதிகளோடு இருந்த இடத்தை விட்டுத் தனியே கடைசி வாங்கில் இருக்கிறார். இடது கையில் கீறல்கள் கண்டேன், கேட்டபோது தானே கீறியதாகச் சொன்னார். தாய் வெளிநாட்டில், பராமரிப்பது அம்மம்மா.” இவ்வளவு போதும். எப்போது தொடங்கியது, முன்பு எப்படி இருந்தார், இப்போது என்ன மாறியிருக்கிறது, வீட்டில் யார், இந்த நாலும் இருந்தால் நல்ல கடிதம். கேள்விப்பட்டதை எழுதாதீர்கள். “தாயின் நடத்தை” போன்ற ஊர்க்கதை ஒரு வரிகூட வேண்டாம். எழுதியதைப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுங்கள். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து போகிற பிள்ளை அங்கே கதைக்கும். தெரியாமல் போகிற பிள்ளை வாய் திறக்காது. கடிதத்தோடு பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி, கூடப் போகிறவரின் அடையாள அட்டை, முந்திய வைத்தியத் துண்டுகள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் போங்கள். தாய் தகப்பன் இல்லையே, அம்மம்மாவோடு போகலாமா என்றால், கிளினிக்கில் காட்டுவதற்குப் பொறுப்பாக வளர்க்கிறவர் வந்தால் நடைமுறையில் போதும். வார்ட்டில் தங்க வைக்க வேண்டி வந்தால் பாதுகாவலரின் சம்மதம் கேட்பார்கள், துணைக்கு ஒருவர் நிற்கவும் வேண்டியிருக்கும்.

வைத்தியசாலை தவிர வேறு வழிகளும் உண்டு. பிரதேச செயலகத்தில், உங்களுக்கென்றால் வெல்லாவெளியில், உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர் ஆகியோரை விசாரியுங்கள். வீட்டுக்குப் போய்ப் பார்க்கக் கூடியவர்கள் இவர்கள். பட்டிருப்பு வலயக் கல்வி அலுவலகத்தில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பானவர் உங்களுக்கே துணை, அவரைத் தெரிந்து வைத்திருங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்கு வருவார்கள். தரம் 10இல் ஒரு பிள்ளையைப் பற்றிக் கவலை இருந்தால் அன்றைக்கு அந்த வைத்தியரோடு ஐந்து நிமிடம் தனியே கதைப்பது நல்ல சந்தர்ப்பம். இளம் வயதினருக்காகவே ‘யொவுன் பியச’ என்ற பெயரில் சில வைத்தியசாலைகளில் நிலையங்கள் நடக்கின்றன, வீட்டு வன்முறைக்கு ‘நட்பு நிலையம்’ இருக்கிறது. பக்கத்தில் எது உண்டென்று அதே பணிமனையில் கேட்கலாம். எங்கே தொடங்குவதென்று தெரியாமல் நிற்கும்போது உயிருக்கு ஆபத்துப்போல் தோன்றினால் வைத்தியசாலைக்குப் போங்கள், பிரச்சினை வீட்டுக்குள் என்றால் பிரதேச செயலகத்துக்கு. இது சட்டமில்லை, அனுபவத்தில் சொல்வது.

இப்போது அந்தத் தரம் 10 பிள்ளை. மூவரில் முதலில் இவளைக் கொண்டு போங்கள், அடுத்த கிளினிக் நாளுக்கே. தன்னைத் தானே கீறுகிற பிள்ளைகள் எல்லாரும் சாக நினைப்பவர்கள் இல்லை. தாங்க முடியாத ஒன்றைத் தாங்குவதற்காகக் கீறுபவர்கள் அதிகம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து மற்றவர்களைவிடக் கூட என்பதும் உறுதியான விஷயம். “கவனத்தைத் திருப்பச் செய்கிறாள்” என்று யாராவது ஆசிரியர் அறையில் சொன்னால் அதை ஏற்காதீர்கள். தனியே இருத்தி நேராகக் கேளுங்கள்: “மகள், சாகலாம் போல யோசனை வாறதா?” இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன, நான் கண்டதும் அதுவே. கேட்டவுடன் பெருமூச்சு விட்டு அழுகிற பிள்ளைகள்தான் அதிகம். ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாளா, எப்போது என்று நினைத்திருக்கிறாளா என்று கேளுங்கள். திட்டம் இருக்கிறதென்றால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், தனியே விடவும் வேண்டாம், அன்றைக்கே வைத்தியசாலை. 1926 தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம், இரவிலும் எடுக்கலாம். 1990 அம்புலன்ஸ் இலக்கம், அது இலவசம்.

உங்கள் படுவான்கரை, அதாவது வாவியின் மேற்குக் கரை, வயல் நிலம். வீட்டுத் தாழ்வாரத்தில் பூச்சிமருந்துப் போத்தல் இருக்கும். அம்மம்மாவிடம் சொல்லி அதை அன்றைக்கே வீட்டை விட்டு அகற்ற வையுங்கள், அல்லது பூட்டி வைத்துத் திறப்பைத் தன்னோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். வீட்டு மருந்து மாத்திரைகளும் அப்படியே. இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 1990களின் நடுப்பகுதியில் இலங்கை உலகிலேயே தற்கொலை மிகக் கூடிய நாடுகளில் ஒன்றாக இருந்தது. 1995இலும் 1998இலும் மிகக் கொடிய சில பூச்சிகொல்லிகளைத் தடை செய்த பிறகு, பத்து வருடத்துக்குள் அந்த வீதம் ஏறக்குறையப் பாதியானது. அந்தக் கெட்ட கணத்தில் கைக்கெட்டும் தூரத்தில் அது இல்லாமற் போனதே பல உயிர்களைக் காப்பாற்றியது. ஏதாவது குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, நேரே வைத்தியசாலை. “பொலிஸ் வரும், வழக்காகும்” என்று மறைக்கவும் கூடாது. தற்கொலைக்கு முயல்வது 1998இலிருந்து இந்த நாட்டில் குற்றம் இல்லை.

அவள் கதைக்கத் தொடங்கினால் வேறு ஏதாவது வெளியே வரலாம். தாய் வெளிநாட்டில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படி நடந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான அம்மம்மாக்கள் நன்றாகத்தான் வளர்க்கிறார்கள். ஆனால் யாராவது தொட்டதாகவோ பயமுறுத்தியதாகவோ பிள்ளை சொன்னால், அந்த இடத்தில் விசாரணையை நிறுத்துங்கள். திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டாம். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, திகதியோடு எழுதி வையுங்கள். “யாருக்கும் சொல்லமாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “உன்னைப் பாதுகாக்க வேண்டிய ஆட்களுக்கு மட்டும் சொல்லுவேன்” என்று சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929க்குச் சொல்லலாம், பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவுக்குச் சொல்லலாம், பிரதேச செயலக உத்தியோகத்தரோடு சேர்ந்து செய்யலாம். ஊர்ப் பெரியவர்களை இருத்திக் கதைத்துச் சமாதானம் செய்துவிடுவோம் என்று யார் சொன்னாலும், அது அதிபராக இருந்தாலும், இணங்க வேண்டாம். அந்தச் சமாதானத்தில் பிள்ளைக்கு ஒரு பங்கும் கிடையாது.

மயங்கி விழும் மாணவிக்கு முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். காலையில் சாப்பிடாமல் வருகிறாளா, இரத்தச் சோகையா, வலிப்பா என்பதை வைத்தியர்தான் பிரித்துச் சொல்ல முடியும். ஆகவே இவளுக்கு ஓபிடி, பிறகு மருத்துவக் கிளினிக். விழும்போது பக்கத்தில் நிற்பவர் கவனித்து எழுதி வைத்தால் வைத்தியருக்குப் பேருதவி: எவ்வளவு நேரம், கண் திறந்திருந்ததா, கை கால் இழுத்ததா, நாக்குக் கடிபட்டதா, சிறுநீர் போனதா. வீட்டுக்காரர் சம்மதித்தால் போனில் ஒரு சிறு வீடியோ, வைத்தியருக்கு மட்டும் காட்ட. பரிசோதனையெல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தால் “நடிப்பு” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மனம் தாங்காததை உடம்பு விழுந்து காட்டுவதுண்டு, அது அவள் வேண்டுமென்று செய்வதில்லை. பரீட்சைப் பயமோ, வீட்டுக் கடனோ, வேண்டாத கலியாணப் பேச்சோ, கேட்டால்தான் தெரியும். நூல் கட்டுவதைப் பற்றிச் சண்டை பிடிக்க வேண்டாம். எங்கள் ஊரில் கோயிலிலும் பள்ளிவாசலிலும் போய்ப் பார்க்காமல் வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் குறைவு. நூல் கட்டி, தண்ணீர் ஓதிக் குடித்து, கூடவே கிளினிக்குக்கும் வந்து சுகமானவர்கள் நிறையப் பேர். “அதையும் செய்யுங்க, இதையும் காட்டுவம்” என்றால் தகப்பன் வருவார். “அது மூடநம்பிக்கை” என்றால் வரமாட்டார். அடிப்பது, புகை போடுவது, சாப்பாடு கொடுக்காமல் வைப்பது, கட்டி வைப்பது, மருந்தை நிறுத்தச் சொல்வது வந்தால் மட்டும் விடக் கூடாது.

தரம் 8 பொடியனைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்குப் பட்டது: வாயால் கேட்டால் பதில் சொல்வான். அப்படியென்றால் பாடம் அவனுக்குள் போகிறது, வெளியே வரும் வழியில் தடை. பார்வையையும் கேட்டலையும் முதலில் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாமல் வருடக்கணக்காக அடி வாங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள். பிறகு வாசிப்பு, எழுத்தில் கற்றல் இடர்பாடா, ஒரு இடத்தில் இருந்து கவனிக்க முடியாத தன்மையா என்று பார்க்க வைத்தியசாலைக்கும், வலயத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவருக்கும் எழுதலாம். எதுவாயினும் அடி நிற்க வேண்டும். பாடசாலையில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை இருக்கிறது. அவன் சண்டை பிடிப்பதில் எவ்வளவு அந்த அடியால் வந்தது என்பது, அடி நின்ற பிறகுதான் தெரியும்.

காகிதம் தேவைப்படுவது இந்தப் பிள்ளைக்குத்தான். பார்வை, கேட்டல், எழுதுவதில் உள்ள இயலாமை, கற்றல் இடர்பாடு உள்ள பரீட்சார்த்திகளுக்குப் பரீட்சைத் திணைக்களம் மேலதிக நேரம், எழுதுவதற்கு உதவியாளர் போன்ற ஏற்பாடுகளைச் செய்கிறது. அது தானாக வராது. அதிபர் ஊடாக, வைத்திய அறிக்கையோடு, விண்ணப்பிக்க வேண்டும். அந்த அறிக்கை ஒரே நாளில் கிடைக்காது. கிளினிக்கில் தொடர்ந்து காட்டிய பதிவு இல்லாத பிள்ளைக்கு எந்த வைத்தியரும் ஒரே பார்வையில் எழுதித் தரமாட்டார், தரவும் கூடாது. ஆகவே தரம் 11இல் விண்ணப்பம் வரும்போது ஓடுவதைவிட, தரம் 8இல் தொடங்குவது சரியான காலம். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு என்ன சலுகை என்பது ஒவ்வொரு விண்ணப்பமாகத் தீர்மானிக்கப்படுவது, அதை முன்கூட்டி யாருக்கும் வாக்களிக்காதீர்கள். உயர்தர மாணவிக்கு 80 வீத வரவு என்ற நிபந்தனை இருப்பதால், அவள் வைத்தியசாலைக்குப் போன நாட்களின் துண்டுகளை எல்லாம் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள்.

பெயர் கெடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். கிளினிக் கொப்பி குடும்பத்தின் கையில் இருக்கும், வைத்தியசாலையின் பதிவு வைத்தியசாலைக்குள் இருக்கும். பாடசாலைக்கு யாரும் அறிக்கை அனுப்புவதில்லை. பல்கலைக்கழக அனுமதி இசற் புள்ளியில் நடக்கிறது, அதில் கிளினிக் கொப்பிக்கு இடமில்லை. விடுகைப் பத்திரத்தில் நீங்கள் இதைக் குறிப்பிட வேண்டியதில்லை, குறிப்பிடவும் கூடாது. உண்மையில் பெயர் கெடுவது ஆசிரியர் அறையில்தான். “அந்தப் பிள்ளை மெண்டல் கிளினிக்குக்குப் போறாளாம்” என்ற ஒரு பேச்சு மதிய மணி அடிக்கும் முன் குருமண்வெளிப் பாதை கடந்துவிடும். அதிபருக்கும் உங்களுக்கும் தவிர மூன்றாவது ஆளுக்குக் காரணம் தெரியத் தேவையில்லை. வகுப்பாசிரியருக்கு “வைத்தியசாலைக்குப் போகிறாள், பாடக் குறிப்பைக் கொடுத்து உதவுங்கள்” என்றால் போதும். அதிபர் “வெளியே சொல்ல வேண்டாம்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்றால் அவர் சொல்வது சரி. வைத்தியருக்கும் சொல்ல வேண்டாம் என்றால் சரியில்லை. மரியாதையாக, பிள்ளையின் வருகைப் பதிவையும் புள்ளியையும் முன்னால் வைத்துக் கதையுங்கள். பெரும்பாலான அதிபர்கள் எண்களைக் கண்டால் இறங்கி வருவார்கள்.

சேவையின் குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. அரச சேவையில் உளவியலாளர்கள் மிகக் குறைவு. முதல் நாள் கிளினிக்கில் கூட்டமாக இருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், பிள்ளை ஏமாந்து போவாள். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சில மருந்துகள் வெளியே வாங்க வேண்டி வந்ததுண்டு. வாங்க முடியாவிட்டால் நிறுத்திவிடாமல், மனநலப் பிரிவுத் தாதியிடம் சொல்லி வேறு வழி கேட்க வேண்டும். மருந்து தொடங்கினால் இரண்டு நாளில் மாற்றம் தெரியாது, சிலவற்றுக்குக் கிழமைகள் எடுக்கும். சுகம் வந்தது போல இருக்கிறதென்று தாங்களாக நிறுத்துவதும் ஆபத்து. தனியார் இடத்தில் காசு கட்டிக் காட்டலாம், காத்திருப்புக் குறையும், ஆனால் பலமுறை போக வேண்டிய விஷயம் இது, கடன் வாங்கிச் செய்ய வேண்டாம். ஒரே அமர்வில் சுகமாக்குகிறேன் என்று போர்ட் போட்டிருப்பவர்களிடம் போகவே வேண்டாம்.

மட்டக்களப்பு நகரிலும் கல்முனைப் பக்கத்திலும் இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒன்று. 2019 ஏப்ரல் 21 அன்று குண்டு வெடித்த சீயோன் தேவாலயத்தில் இருந்த சிறுவர்களும், அந்தக் கிழமை சாய்ந்தமருதில் வெடிச் சத்தம் கேட்ட சிறுவர்களும் வளர்ந்து பெரிய வகுப்புகளுக்கு வந்திருக்கிறார்கள். ஏப்ரல் வரும்போது ஒரு பிள்ளை காரணமில்லாமல் மாறினால் அந்தத் திகதியை நினைவில் வையுங்கள்.

ரீச்சர், தாய்க்குச் சொல்லலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். சொல்ல வேண்டும், ஆனால் பிள்ளைக்குத் தெரிந்து, அம்மம்மாவின் போனிலிருந்து. “உங்க மகள் கையைக் கீறுறாள்” என்று தொடங்கினால் அந்தத் தாய் அங்கே இருந்து என்ன செய்வார்? “மகளுக்கு மனசுக்குக் கஷ்டமா இருக்கு, வைத்தியசாலைக்குக் கூட்டிப் போறம், நீங்க கிழமைக்கு ஒருக்கா அவளோட கதைக்க வேணும், படிப்பைப் பற்றி ஏசாம” என்று செய்யக் கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். பிறகு கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கும் அடுத்த திகதியை உங்கள் நாட்குறிப்பிலும் எழுதி வையுங்கள். முதல் முறை போன பிள்ளைகள் இரண்டாவது திகதிக்குப் போகாமல் விடுவதுதான் அதிகம், பெரும்பாலும் பஸ் காசாலும், அறுவடை வேலையாலும், கூட்டிப் போக ஆளில்லாததாலும். திகதிக்கு இரண்டு நாள் முன்பே அம்மம்மாவிடம் கேளுங்கள். போக முடியாதென்றால் வெல்லாவெளி உத்தியோகத்தருக்கோ மனநலப் பிரிவுக்கோ அன்றைக்கே போன் எடுத்துத் திகதியை மாற்றிக் கொள்ளலாம்.